ஐந்து பலகையில் ஒரு பெஞ்சு

முதல் வேலையாக நாற்காலி செய்துபார்க்கத்தான் பலருக்கும் ஆசை. அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். நாற்காலியில் முதுகுச் சாய்வுக்கு ஒரு கோணம், பின்காலுக்கு இன்னொரு கோணம். இருக்கை முன்னால் அகன்று பின்னால் குறுகும். நேர் மூலை என்று ஒன்றைத் தேடித்தான் பார்க்க வேண்டும். மேசையில் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் கை தவறினால் வீணாகும் மரம் அதிகம். செருப்பு மாட்ட வாசலருகே, புத்தகம் அடுக்கச் சுவரோரம், ஆள் வந்தால் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் என்று எங்கும் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரு சிறு பெஞ்சு முதல் வேலைக்குப் பொருத்தமானது. எல்லா மூலையும் நேர் மூலை. மொத்தம் ஐந்து பலகை. நிதானமாகச் செய்தால் இரண்டு சனி ஞாயிறு போதும்.

இந்த அத்தியாயம் ஒரே விதியைத் திரும்பத் திரும்பச் சொல்லும்: துண்டுகள் நாடாவின் அளவுக்குச் சரியாக இருப்பதைவிட, ஒன்றுக்கொன்று சரியாக இருப்பது முக்கியம். பெஞ்சின் உயரம் 433 மி.மீ. என்று கணக்குப் போட்டு 430 ஆகிவிட்டால் உட்காருகிறவருக்குத் தெரியப்போவதில்லை. ஒரு பாதம் மட்டும் 3 மி.மீ. குட்டையானால் உட்கார்ந்த கணமே தெரிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு அளவையும் நாடாவால் ஒருமுறை எடுங்கள். அதன் பிறகு பலகையைப் பலகையால் அளங்கள்.

பெஞ்சின் அமைப்பு

மேலே உட்காரும் பலகை ஒன்று. அதன் கீழே, பக்கத்துக்கு ஒன்றாக, செங்குத்தாக நிற்கும் கால் பலகைகள் இரண்டு. இந்தக் கால்களை முன்னும் பின்னும் நீளவாக்கில் இணைக்கும் பக்கப்பட்டைகள் இரண்டு. கால் பலகையின் மேல் மூலைகள் இரண்டையும் செவ்வகமாக வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பட்டைகள் உட்காரும். இவை போக, உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் சில சிறு கட்டைகள்.

வெட்டுப்பட்டியல் இதோ. பலகையின் கனம் 18 மி.மீ. என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு:

• உட்காரும் பலகை: 900 × 280 மி.மீ. – 1
• கால் பலகை: 415 × 250 மி.மீ. – 2
• பக்கப்பட்டை: 800 × 90 மி.மீ. – 2
• தாங்குகட்டை (25 × 25 மி.மீ. ரீப்பர்): 560 மி.மீ. நீளம் – 2
• மூலைக்கட்டை (அதே ரீப்பர்): 85 மி.மீ. நீளம் – 4
• திருகாணி: 50 மி.மீ. நீளத்தில் 8, 35 மி.மீ. நீளத்தில் 20

முழங்கால் மடங்கிப் பாதம் தரையில் படிய உட்காருவதற்கு 430 முதல் 450 மி.மீ. உயரம் பெரியவர்கள் பெரும்பாலோருக்கு ஒத்துவரும். வழக்கமான 750 மி.மீ. உயரச் சாப்பாட்டு மேசைக்கும் அது பொருந்தும். குழந்தைகளுக்காக என்றால் காலை 300 மி.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள். வேறெதையும் மாற்ற வேண்டியதில்லை.

மரம் எந்தப் பக்கம் விரியும்?

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வீட்டு மரக்கதவு நிலையோடு இறுகிக்கொள்வதையும், கோடையில் அதே கதவு தாராளமாக ஆடுவதையும் எல்லோரும் பார்த்திருப்போம். வெட்டி, காயவைத்து, பாலிஷ் போட்ட பின்னும் மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கி விரியும், விட்டுச் சுருங்கும். இது எல்லாப் பக்கமும் ஒரே அளவில் நடப்பதில்லை. நார் ஓடும் நீளவாக்கில் மாற்றம் கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு சிறியது. குறுக்கே, அதாவது பலகையின் அகலத்தில்தான் எல்லாம் நடக்கும். 280 மி.மீ. அகலப் பலகை ஒன்று கோடைக்கும் மழைக்காலத்துக்கும் இடையில் ஓரிரு மி.மீ. அகன்று குறுகுவது இயல்பு.

அகலத்தில் அசையும் ஒரு பலகையின் குறுக்கே, அசையாத இன்னொரு மரத்தை இறுக்கிப் பசைபோட்டு ஒட்டிவிட்டால் இரண்டில் ஒன்று வெடிக்கும். வீட்டில் செய்த சாமான்கள் ஒரு வருடத்துக்குள் பிளப்பதற்கு இது முக்கியமான காரணம். ஆணி வலுவில்லை, பசை சரியில்லை என்று பழி வேறெங்கோ போகும்.

நம் பெஞ்சில் அந்த மோதல் வராது. உட்காரும் பலகையின் நார் நீளவாக்கில் ஓடுகிறது. அது அகலத்தில் அசையும். கால் பலகையின் நார் மேலிருந்து கீழாக ஓடுகிறது. அதுவும் அதே அகலத்தில், அதே திசையில், ஏறத்தாழ அதே அளவு அசையும். பக்கப்பட்டையும் தாங்குகட்டையும் உட்காரும் பலகைக்கு இணையாக ஓடுகின்றன. எல்லாம் சேர்ந்து விரிந்து, சேர்ந்து சுருங்கும். இது நடக்க வேண்டுமானால் கால் பலகையின் நார் கட்டாயம் செங்குத்தாக இருக்க வேண்டும். குறுக்கே ஓடும்படி வெட்டிவிட்டால் விரிவு ஒத்துப்போகாது என்பதோடு, பாதத்தின் ஓரம் ஒரு தட்டில் பிளந்து விழுந்துவிடும்.

என்ன மரம் வாங்கலாம்?

முதல் பெஞ்சுக்கு ரப்பர் மரப் பலகையைப் பரிந்துரைக்கிறேன். கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பால் வற்றிய ரப்பர் மரங்களை 25, 30 வயதில் வெட்டிவிட்டு மறுநடவு செய்வார்கள். வெட்டிய மரத்தைச் சிறு துண்டுகளாக அறுத்து, முனைகளைச் சீப்புப் பற்கள்போலக் கடைந்து ஒன்றோடொன்று கோத்து ஒட்டி 8 அடிக்கு 4 அடிப் பலகைகளாக ஆக்குகிறார்கள். ப்ளைவுட் கடைகளில் ‘ரப்பர்வுட் ஃபிங்கர் ஜாயின்ட்’ என்று கேட்டால் தெரியும். வெளிர் மஞ்சள் நிறம், அதிகக் கடினமில்லை, ரம்பத்துக்கு எளிதில் இணங்கும். ப்ளைவுட்டைப் போல ஓரத்தை மறைக்கப் பட்டி ஒட்ட வேண்டியதில்லை.

குறையும் உண்டு. ரப்பர் மரத்தில் மாவுச்சத்து மிகுதி. மருந்தேற்றாத மரம் விரைவில் உளுத்துப்போகும். ஆகவே போரான் மருந்தேற்றிச் சூளையில் காயவைத்ததா என்று கேட்டு வாங்குங்கள். மழை படும் இடத்துக்கு இந்த மரம் உதவாது.

முழுப் பலகை தேவையில்லை. 3 அடிக்கு 2½ அடித் துண்டு ஒன்று போதும், ஐந்து பலகையும் அதிலேயே வந்துவிடும். அந்த 3 அடி, நார் ஓடும் திசையில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் கடைக்காரரிடம் அழுத்திச் சொல்லுங்கள். வெட்டும் இயந்திரம் உள்ள கடையானால் ஐந்து துண்டுகளையும் அங்கேயே அறுத்து வாங்கிவிடலாம். நீளமான நேர்வெட்டைக் கைரம்பத்தால் போடுவது முதல் நாளிலேயே கைவராது. அதைக் கடை இயந்திரத்திடம் விடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரே அகலமுள்ள துண்டுகளை இயந்திரத்தை மாற்றி வைக்காமல் அடுத்தடுத்து அறுக்கச் சொல்லுங்கள். முதல் துண்டை அறுத்துவிட்டு, வேறு வேலை பார்த்துவிட்டு, மறுபடி அளந்து இரண்டாவதை அறுத்தால் இரண்டும் ஒன்றாக வராது.

மரவாடியில் தேக்கோ வேம்போ பூவரசோ வாங்குகிறவர்களுக்கு இரண்டு செய்திகள். அங்கே கணக்கெல்லாம் இஞ்ச்சிலும் நூலிலும்தான். இஞ்ச்சுக்கு எட்டு நூல். விலை கன அடிக்கு. அகலத்தையும் கனத்தையும் இஞ்ச்சில், நீளத்தை அடியில் எடுத்து மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. 1 இஞ்ச் கனப் பலகையில் இந்தப் பெஞ்சின் ஐந்து பலகைக்கு ஏறத்தாழ 0.55 கன அடி வரும். அறுப்புச் சேதாரத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டாவது செய்தி, 1 இஞ்ச் என்று வாங்கிய பலகை இருபுறமும் சீவிய பிறகு 20 மி.மீ. அளவில்தான் நிற்கும். ஆகவே இந்த அத்தியாயத்தில் 18 மி.மீ. என்று வருகிற இடத்திலெல்லாம் உங்கள் பலகையின் கனத்தைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பலகையை ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பாருங்கள். வில்லாக வளைந்ததையும் முறுக்கிக்கொண்டதையும் வேண்டாம் என்று தள்ளிவிடலாம். முனையில் வெடிப்பிருந்தால் அது உள்ளே எதுவரை ஓடுகிறதென்று பார்த்து, அந்த நீளத்தைக் கழித்துக் கணக்குப் போடுங்கள். குண்டூசித் தலை அளவுத் துளைகளும் அவற்றிலிருந்து மாவுபோல் உதிரும் தூளும் தெரிந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. எவ்வளவு மலிவானாலும் அந்த மரத்தை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

சரக்குப் பெட்டிகளையும் பேலட்டுகளையும் பிரித்து வரும் பைன் மரமும் நல்ல மரம்தான். அதில் சூடு வைத்திருக்கும் முத்திரையைப் பாருங்கள். ‘எச்.டி.’ என்ற எழுத்துகள் வெப்பமேற்றிப் பூச்சி நீக்கியதைக் குறிக்கும். ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு ஏற்றியது. அதைத் தொட வேண்டாம்.

கருவிகள்

வாங்க வேண்டியது குறைவு. பல் நெருக்கமான ஒரு கைரம்பம், 18 அல்லது 25 மி.மீ. உளி ஒன்று, மூலைமட்டம், நாடா, கூரான பென்சில், பேட்டரி டிரில், நான்கு கிளாம்ப், வெள்ளை மரப்பசை, உப்புத்தாள். இழைப்புளி இருந்தால் நல்லது; இல்லாமலும் இந்த வேலை முடியும்.

ரம்பத்தில் இருவகை உண்டு. நம் ஊர் ரம்பம் தள்ளும்போது வெட்டும். ஜப்பானிய ரம்பம் இழுக்கும்போது வெட்டும். அதன் தகடு மெலிது, வெட்டும் மெலிது. கை பழகாதவர்களுக்கு இழுப்பு ரம்பம் சீக்கிரம் வசப்படுகிறது. எதுவானாலும் ரம்பத்தை அழுத்தாதீர்கள். அதன் எடையே போதும். உங்கள் வேலை அதை நேராக ஓட்டுவது மட்டும்.

கடையில் வாங்கிய புது உளி பெரும்பாலும் தீட்டாமல்தான் வரும். சரிவை 25 முதல் 30 டிகிரிக்குள் வைத்து, முதலில் சொரசொரப்பான கல்லிலும் பிறகு மழமழப்பான கல்லிலும் தீட்டுங்கள். தட்டையான முதுகுப் பக்கத்தைக் கல்லில் படிய வைத்தே தேய்க்க வேண்டும், தூக்கக் கூடாது. மிச்ச மரத்தின் வெட்டுமுனையைச் சீவிப் பாருங்கள். மரம் நொறுங்காமல் மெல்லிய சீவலாக வந்தால் உளி தயார். மழுங்கிய உளிக்கு அதிக அழுத்தம் கொடுக்க வேண்டியிருக்கும், வழுக்கினால் கையில்தான் இறங்கும். கூரான உளிதான் பத்திரமான உளி. பிடித்திருக்கும் இடது கையை ஒருபோதும் உளியின் வாய்க்கு முன்னால் வைக்காதீர்கள்.

மூலைமட்டத்தையும் நம்பிவிட வேண்டாம். நேர் ஓரமுள்ள பலகையில் அதை வைத்து ஒரு கோடு இழுங்கள். மட்டத்தைத் திருப்பிப் போட்டு அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு இழுங்கள். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. விலகினால், கடையில் மாற்றிக்கொள்ளுங்கள்.

குறித்தலும் இணை சேர்த்தலும்

கடையிலிருந்து வந்த துண்டுகளை முதலில் சோதிக்க வேண்டும். கால் பலகையின் மூலைக்கு மூலை குறுக்காக நாடாவைப் பிடியுங்கள். பிறகு மறு குறுக்காகப் பிடியுங்கள். இரண்டு நீளமும் ஒன்றானால் மூலைகள் நேர். அந்த நீளம் எத்தனை மி.மீ. என்பது நமக்குத் தேவையே இல்லை.

அடுத்து இரண்டு கால்களையும் சமதரையில் நெருக்கி நிற்கவைத்து, மேல் விளிம்பில் விரல் நுனியை ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஏற்றத்தாழ்வையும் விரல் சொல்லிவிடும். உயர்ந்ததை உப்புத்தாள் சுற்றிய கட்டையால் தேய்த்து மற்றதன் மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பட்டைகளையும் இப்படியே இணை சேருங்கள். பிறகு ஒவ்வொரு துண்டிலும் எது மேல், எது வெளிப்பக்கம், எது இடது, எது வலது என்று பென்சிலால் எழுதிவையுங்கள். ஐந்து துண்டுதானே, நினைவிருக்கும் என்று தோன்றும். பசை கையிலிருக்கும்போது நினைவிருக்காது.

மூலைவெட்டு

இந்தப் பெஞ்சில் உண்மையான மரவேலை என்பது கால் பலகையின் மேல் மூலைகளில் போடும் நான்கு வெட்டுகள்தான். ஒவ்வொன்றும் 18 மி.மீ. உள்ளே, 90 மி.மீ. கீழே. ஆனால் இந்த எண்களை நாடாவால் குறிக்காதீர்கள். பக்கப்பட்டையை எடுத்துக் கால் பலகையின் மேல் விளிம்போடு விளிம்பாகப் படுக்கவைத்து, அதன் கீழ் ஓரத்தில் கோடு இழுங்கள், 90 கிடைத்துவிட்டது. பட்டையை ஓரமாக நிமிர்த்திவைத்து அதன் கனத்தைக் குறியுங்கள்; 18 கிடைத்துவிட்டது. பலகை உண்மையில் 17.6 மி.மீ. இருந்தாலும் வெட்டு அதற்கேற்ப வந்துவிடும். கோடுகளை மூலைமட்டத்தால் மறுபக்கத்துக்கும் கொண்டுபோங்கள். வெட்டி எறிய வேண்டிய பகுதியில் பெருக்கல் குறி போடுங்கள்.

ரம்பத்துக்கும் கனம் உண்டு. கோட்டின்மேல் அறுத்தால் அந்தக் கனம் நம் துண்டிலிருந்து போய்விடும். ஆகவே பெருக்கல் குறி இருக்கும் பக்கமாக ரம்பத்தை வைத்து, பென்சில் கோடு துண்டில் தங்கும்படி அறுங்கள். முதலில் மேலிருந்து கீழே 90 மி.மீ. வெட்டு; பிறகு ஓரத்திலிருந்து குறுக்கே 18 மி.மீ. வெட்டு. இரண்டு வெட்டும் உள்மூலையில் சந்திக்கும் முன் நிறுத்தி, ரம்பத்தை நிமிர்த்தி, இருபுறமும் கோட்டைத் தொடும்வரை மெல்ல முடியுங்கள். மிச்சமிருக்கும் மேடுகளை உளியால் சீவிவிடலாம்.

பட்டையை வைத்துப் பாருங்கள். கையால் அழுத்தினால் உள்ளே போய், பலகையைத் தூக்கினாலும் விழாமல் நிற்பது சரியான பிடி. சுத்தியலால் அடித்தால்தான் போகும் என்றால் இன்னும் கொஞ்சம் சீவுங்கள். தொளதொளவென்று இருந்தால் சீவல் ஒன்றைப் பசை தடவி இடையில் செருகலாம். மிகுதியாக எடுத்துவிட்டால் ஒட்டுப்போட வேண்டிவரும் என்பதால் எப்போதும் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்று, சீவிச் சீவி நெருங்குவது நல்லது.

பாதம்

250 மி.மீ. அகலப் பலகை முழு அடியையும் தரையில் பதித்து நின்றால், தரையில் சிறு மேடு இருந்தாலும் ஆடும். அடியின் நடுவில் ஒரு முக்கோணத்தை வெட்டி எடுத்தால் இரண்டு பாதம் கிடைக்கும். இரு ஓரத்திலும் 60 மி.மீ. விட்டு, நடுவில் 130 மி.மீ. அகலம், 120 மி.மீ. உயரம். உச்சிப் புள்ளியில் முதலில் 10 மி.மீ. துளை போடுங்கள். ரம்பம் அந்தத் துளையில் வந்து முடியும், வெட்டு அதைத் தாண்டி ஓடாது. கூர்மையான உள்மூலை இல்லாததால் பிற்காலத்தில் அங்கிருந்து வெடிப்பும் கிளம்பாது. ஒரு காலில் வெட்டி முடித்த பிறகு அதையே அச்சாக வைத்து மற்றதில் கோடு இழுங்கள்.

பசைக்கு முன் ஒத்திகை

பட்டையின் இரு முனையிலிருந்தும் 60 மி.மீ. உள்ளே தள்ளிக் கால் பலகையின் வெளிமுகம் வரும். ஒரு பட்டையில் இதைக் குறித்துவிட்டு, மற்றப் பட்டையை அதோடு சேர்த்துப் பிடித்துக் குறியை மாற்றிக்கொள்ளுங்கள். காலை இன்னும் உள்ளே தள்ளினால் முனையில் ஒருவர் உட்காரும்போது மறுமுனை எழும்பும். அந்தத் தவறை எந்தத் திருகாணியாலும் சரிசெய்ய முடியாது.

பசையில்லாமல் எல்லாவற்றையும் ஒருமுறை கோத்து, கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். மேலிருந்து பார்த்தால் பட்டைகளும் கால்களும் ஒரு செவ்வகம். அதன் இரு குறுக்களவும் ஒன்றாக இருக்க வேண்டும். பட்டையின் மேல் விளிம்பும் காலின் மேல் விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். இருந்தால் துளை போடலாம். முனையிலிருந்து 69 மி.மீ. உள்ளே, அதாவது காலின் கனத்துக்கு நடுவில், பட்டையின் மேலிருந்து 25 மி.மீ. கீழே ஒன்று, கீழிருந்து 25 மி.மீ. மேலே ஒன்று. பட்டையில் 4.5 மி.மீ. துளை, காலுக்குள் 3 மி.மீ. துளை. பட்டையில் துளை அகலமாக இருப்பதால் திருகாணி அங்கே மரையேறாமல் வழுக்கிச் சென்று காலில் மட்டும் பிடித்து இழுக்கும்; இரண்டு மரமும் நெருங்கும். துளையே போடாமல் முடுக்கினால் 18 மி.மீ. விளிம்பு பிளப்பது ஏறக்குறைய நிச்சயம்.

கோத்தல்

மூலைவெட்டின் உள்ளே பசையை மெல்லிதாகத் தடவி, பட்டைகளைப் பொருத்தி, 50 மி.மீ. திருகாணிகளை முடுக்குங்கள். நான்கு கிளாம்ப் இல்லையென்றால் கயிற்றை இரண்டு சுற்று சுற்றி, இடையில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் நல்ல இறுக்கம் கிடைக்கும். குறுக்களவை மறுபடி பாருங்கள். விலகியிருந்தால் பசை காயும் முன், நீளமான குறுக்குப் பக்கத்தை அழுத்தித் திருத்திவிடலாம்.

இப்போது இதன் நீளவாக்கில் ஓர் ஓரத்தைப் பிடித்துத் தள்ளினால் இலேசாக ஆடும். பட்டைக்கும் காலுக்கும் இடையில் பிடிப்பு 18 மி.மீ. அகலம் மட்டுமே என்பதுதான் காரணம். மூலைக்கட்டைகள் இதற்காகத்தான். காலும் பட்டையும் சந்திக்கும் நான்கு உள்மூலைகளிலும் 85 மி.மீ. கட்டையை நிமிர்த்தி வைத்து, இரு பக்கமும் பசை தடவி, காலுக்கு ஒன்று, பட்டைக்கு ஒன்று என்று 35 மி.மீ. திருகாணி போடுங்கள். பிடிப்பின் அகலம் இரண்டு மடங்குக்கு மேலாகிவிடும், ஆட்டம் நின்றுவிடும். எந்த மரச்சாமானும் முதலில் தளர்வது பக்கவாட்டு ஆட்டத்தால்தான். மேலிருந்து வரும் எடையை மெலிந்த காலும் தாங்கிவிடும்.

மூலைக்கட்டைகளுக்கு இடையில், பட்டையின் உள்பக்க மேல் விளிம்போடு விளிம்பாக 560 மி.மீ. தாங்குகட்டையை ஒட்டி, மூன்று திருகாணி போடுங்கள். ஓர் இரவு காயட்டும். வெளியே பிதுங்கிய பசையை ஈரத்துணியால் உடனே துடைத்துவிட வேண்டும். பசைக்கறை உள்ள இடத்தில் பாலிஷ் ஏறாது, வெள்ளைத் திட்டாகக் காட்டிக்கொடுக்கும்.

மறுநாள் உட்காரும் பலகையைத் தரையில் கவிழ்த்துப் போட்டு, சட்டகத்தை அதன்மேல் தலைகீழாக வையுங்கள். நாற்புறமும் நீட்டம் சமமாக இருக்கட்டும்: முனைகளில் 50, பக்கங்களில் 15 மி.மீ. தாங்குகட்டை வழியாக, கட்டைக்கு மூன்றாக 35 மி.மீ. திருகாணிகளை முடுக்குங்கள். டிரில் முனையில் 30 மி.மீ. தூரத்தில் டேப் சுற்றிவைத்தால் துளை பலகையைத் தாண்டி மறுபக்கம் எட்டிப்பார்க்காது. இந்தப் பலகைக்குப் பசை வேண்டாம். பிற்காலத்தில் கறை படிந்தாலோ கீறல் விழுந்தாலோ கழற்றிச் சீவிக்கொள்ளலாம்.

ஆட்டம் இருந்தால்

பெஞ்சை நிமிர்த்தி கிரானைட் மேடை போன்ற சமமான பரப்பில் வையுங்கள். வீட்டுத் தரை எல்லா இடத்திலும் சமமாக இருக்காது என்பதால் அதை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. ஆடினால், தூக்கி நிற்கும் பாதத்தின் அடியில் காகிதத்தை மடித்து மடித்துச் செருகி ஆட்டம் நிற்கும் கனத்தைக் கண்டுபிடியுங்கள். தூக்கி நிற்கும் பாதத்திலும் அதற்குக் குறுக்கே எதிர்ப்புறம் உள்ள பாதத்திலும் கை வைக்காதீர்கள். மற்ற இரண்டு பாதங்களில் ஒன்றை உப்புத்தாளால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, அடிக்கடி வைத்துப் பார்த்து இறக்குங்கள். ஒவ்வொரு பாதமாக மாற்றி மாற்றி அறுக்கத் தொடங்கினால் பெஞ்சு மணையாகிவிடும்.

தேய்ப்பும் பூச்சும்

உப்புத்தாள் 80-இல் தொடங்கி 120, 180, 220 என்று ஏறுங்கள். எப்போதும் நார் ஓடும் திசையில் தேயுங்கள். குறுக்கே தேய்த்த கீறல் பாலிஷ் போட்ட பிறகுதான் பளிச்சென்று தெரியும். படியைத் தாண்டக் கூடாது. 80 போட்ட பள்ளத்தை 220 நிரவாது. கை படும் விளிம்புகள் அனைத்தையும் மழுக்குங்கள். தூள் மூச்சில் போகாமல் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

பூச்சுக்கு மூன்று வழி. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணிப்பொதியால் தேய்க்கும் பிரெஞ்சு பாலிஷ் அழகானது, சீக்கிரம் காயும், பின்னால் திருத்துவதும் எளிது. ஆனால் ஈர டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். ஆளிவிதை எண்ணெய் தடவுவது எல்லாவற்றிலும் சுலபம், காய நாளாகும். பி.யூ. (பாலியூரிதேன்) வார்னிஷ் ஈரத்தையும் உராய்வையும் தாங்கும். வாசலருகே போடும் பெஞ்சுக்கு அதுவே ஏற்றது. தண்ணீரில் கரையும் பி.யூ. என்றால் முதலில் ஈரத்துணியால் மரத்தைத் துடைத்துக் காயவிட்டு, எழும்பும் மயிர்போன்ற நார்களை 220-ஆல் தேய்த்துவிட்டுப் பூசுங்கள். இரண்டு பூச்சுக்கு இடையில் 320-ஆல் மென்மையாக ஒரு தேய்ப்பு.

ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு பிறக்கும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடிக்கும். துணியை விரித்துக் கொடியில் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

அடிப்பக்கம் யாருக்குத் தெரியப்போகிறது என்று விட்டுவிட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் பூச்சிருந்தால் மறுபக்கம் ஈரத்தை வேகமாக வாங்கும், பலகை கிண்ணம்போல் குழியும். பாதத்தின் அடியைக் கூடுதலாகக் கவனியுங்கள். நாரின் திறந்த முனைகள் அங்கேதான் இருக்கின்றன. தினமும் தரை துடைக்கும் வீட்டில் அவை தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்; பாதம் முதலில் கறுத்து, பிறகு இற்றுப்போகும். நாலைந்து முறை வார்னிஷைக் குடிக்கக் கொடுத்து, காய்ந்த பின் ரப்பர் அல்லது நைலான் குமிழ் அடித்துவிடுங்கள்.

இதே ஐந்து பலகையில் இன்னும் என்ன?

அளவை மாற்றினால் இதே அமைப்பு வேறு சாமான்களாகும். உட்காரும் பலகையை 400 மி.மீ. நீளமும் பட்டையை 320 மி.மீ. நீளமும் ஆக்கி, பட்டை முனைக்கும் காலுக்கும் இடையே விடும் 60 மி.மீ.யை 20 ஆகக் குறைத்தால் ஒருவர் உட்காரும் ஸ்டூல். காலை 380 மி.மீ. உயரமும், மேல் பலகையை 450 மி.மீ. அகலமும் ஆக்கினால் டீப்பாய். கால் பலகையையும் அதற்கேற்ப அகலமாக்க வேண்டும். பெஞ்சின் இரு கால்களுக்கிடையே தரையிலிருந்து 150 மி.மீ. உயரத்தில் ஒரு பலகை சேர்த்தால் செருப்புத் தட்டு. நீளத்தை 1,200 மி.மீ. வரை கூட்டலாம், அதற்கு மேல் போனால் பட்டையின் அகலத்தை 90-லிருந்து 120-க்கு ஏற்றுங்கள், அல்லது நடுவில் மூன்றாவது கால் கொடுங்கள்.

இத்தாலிய வடிவமைப்பாளர் என்ஸோ மாரி 1974-இல் மேசை, நாற்காலி, கட்டில், அலமாரி என்று பல சாமான்களுக்கு வரைபடங்கள் வெளியிட்டார். எல்லாவற்றுக்கும் தேவை சாதாரணப் பலகை, ஆணி, சுத்தியல். கேட்டு எழுதியவர்களுக்குத் தபால் செலவை மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பினார். ஒருமுறை தன் கையால் செய்து பார்த்தவருக்கு மற்றவர்கள் செய்ததை எடைபோடும் கண் வாய்க்கும் என்பது அவருடைய எண்ணம். இந்தப் பெஞ்சை முடித்த பிறகு அதைச் சோதித்துப் பாருங்கள். அடுத்த முறை மரச்சாமான் கடைக்குப் போகும்போது மேசையின் பளபளப்பைப் பார்த்த கையோடு குனிந்து அடியைப் பாருங்கள். காலும் பட்டையும் சந்திக்கும் இடத்தில் மூலைக்கட்டை இருக்கிறதா, மேல் பலகை விரிய இடம் விட்டிருக்கிறார்களா, நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, ஓரத்தைப் பிடித்துத் தள்ளினால் ஆடுகிறதா? இந்த நான்கு கேள்விக்கும் விடை தெரிந்துகொண்ட பிறகு விலையைக் கேட்கலாம்.